ரெக்கார்டின் முதல் பதிப்பையும் மறுபதிப்பையும் ஒப்பிட: முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பெரும்பாலும் சத்தம் கூடுதலாக உள்ள தட்டுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். 1 டெசிபல் வித்தியாசமே காதை ஏமாற்றிவிடும். போனில் ஒலி அளவு காட்டும் செயலியைத் திறந்து ஒரே இடத்தில் வைத்து, பாட்டின் அதே பகுதியை ஓட்டிச் சமன் செய்யுங்கள். இதைச் செய்யாத ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை.

அதற்கும் முன்பு இரண்டு தட்டுகளையும் கழுவிக் காயவிடுங்கள்; பழைய தட்டின் கரகரப்பு பல நேரம் வெறும் அழுக்குதான். ஊசியைப் பின்னாலிருந்து முன்னோக்கி மட்டும் துடையுங்கள். 180 கிராம் எடையுள்ள மறுபதிப்பு தடிமனாக இருப்பதால் ஊசி படியும் கோணம் லேசாக மாறும், டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) உயரத்தைப் பாருங்கள்.

ஒப்பிட ஒவ்வொரு பக்கத்தின் முதல் பாட்டே நல்லது. தட்டின் நடுவிலுள்ள லேபிளை நெருங்க நெருங்க ஒலி இயல்பாகவே சிதறும், தேய்ந்த பழைய தட்டில் 'ஸ' ஓசை அங்கே கிழியும். கழுவினாலும் அது போகாது.

அட்டையில் உள்ள ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். மறுபதிப்பிலும் பழைய ஆண்டே இருக்கலாம். லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கீறிய எண் தெரியும். இரண்டிலும் அது ஒன்றாகவே இருந்தால், பெரும்பாலும் ஒரே மாஸ்டரிலிருந்து (தட்டுகளை அச்சிட உதவும் மூலப் பதிவு) வந்தவைதான்.