கார் கதவு பிளாஸ்டிக் விரிசல்: எந்தப் பசையும் ஒட்டாததன் காரணம் பின்பக்கம் இருந்தது

கோத்தகிரியில் வெயில் சுடாது, ஆனால் உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிரும் கூடும் என்பதால் வெட்டவெளியில் நிற்கும் என் பழைய காரின் கதவு உள்பலகை வெளுத்து, கைப்பிடி ஓரம் விரிசல் விட்டிருந்தது. குன்னூர் ரோட்டில் வளைவுக்கு வளைவு கிரீச் சத்தம் வேறு.

சூப்பர் க்ளூ போட்டேன், செதிலாக உரிந்தது. எப்பாக்சி பசை குளிரில் இறுகவே மணிக்கணக்கானது, இறுகிய பிறகு பட்டையாகக் கழன்று வந்தது. அசிட்டோன் தடவினால் இளகி ஒட்டிக்கொள்ளும் என்றார் கடைக்காரர். தடவினேன், பிளாஸ்டிக் அசையவில்லை.

துப்பு கிடைத்தது அங்கேதான். ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக் என்றால் அசிட்டோனில் இளகும், பாலிபுரொப்பிலீன் வகை இளகாது, சாதாரணப் பசையும் அதில் பிடிக்காது. பலகையைத் திருப்பினால் ஒரு மூலையில் பொடி எழுத்தில் 'பிபி' (PP), அதாவது பாலிபுரொப்பிலீன் என்று பொறித்திருக்கிறது!

அப்புறம் வேலை சுலபம். விரிசலின் நுனியில் 2 மி.மீ. துளை போட்டேன், இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டே போகும். பின்பக்கம் சின்னப் பள்ளம் கீறி, துருப்பிடிக்காத கம்பி வலைத் துண்டைச் சால்டரிங் அயர்னால் அழுத்தி இறக்கினேன். மேலே, முக்கோணத்துக்குள் 5 போட்ட டப்பா மூடியைக் கீற்றாக வெட்டி உருக்கி நிரப்பினேன். அதுவும் பாலிபுரொப்பிலீன்தான். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை நாறும்.

வெளுப்புக்கு பிளாஸ்டிக் பிரைமர், மேலே மேட் பெயின்ட். காலைக் குளிரில் மட்டும் பலகையைக் கழற்றாதீர்கள், கிளிப் படக்கென்று உடையும். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடுகாட்டிவிட்டு நெம்புங்கள்.