அலுவலக நடைமுறைகளை மின்மயமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பொருள் வந்த பிறகும் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பழைய வேகத்திலேயே நகர்கிறதென்றால், கோப்பு போகும் பாதையை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். ஏழு மேசைகளைச் சுற்றி வந்த கோப்பு இப்போது ஏழு திரைகளைச் சுற்றி வருகிறது.

முதல் தவறு இதுதான். மற்ற பலவும் இதிலிருந்தே முளைக்கின்றன. டெண்டர் விடும் முன், அண்மையில் முடிந்த சில கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று எழுதிப் பாருங்கள். வேலை நடந்த நேரம் கொஞ்சமாகவும் காத்திருந்த நேரம் மிக அதிகமாகவும் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு கையெழுத்தையும் பற்றிக் கேளுங்கள்: இவர் எதைச் சரிபார்க்கிறார்? கடைசியாக எப்போது ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பினார்? பதில் கிடைக்காத கையெழுத்தை அப்போதே எடுத்துவிட வேண்டும். மென்பொருளில் ஏறிவிட்ட படியை நீக்க ஒப்பந்தத் திருத்தமும் கூடுதல் பணமும் தேவைப்படும்.

முகப்பை மட்டும் மாற்றுவது இதற்கு நெருங்கிய உறவு. ஜெர்மனியில் 2017-இல் வந்த சட்டம், 2022 முடிவதற்குள் அரசுச் சேவைகளை இணையவழியில் தர வேண்டும் என்றது. இலக்கு எட்டப்படவில்லை. விண்ணப்பப் படிவங்களில் காட்டிய அக்கறையைப் பின்னாலுள்ள பதிவேடுகளிலும் உள்வேலைகளிலும் காட்டவில்லை என்ற விமர்சனம் இன்றும் தொடர்கிறது.

வடிவமைப்புக் கூட்டத்துக்குத் துறைத் தலைவர்களை மட்டும் அழைப்பது அடுத்த தவறு. விதியில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். விதிக்குள் அடங்காத விண்ணப்பம் வந்தால் என்ன செய்வது என்பது பிரிவு எழுத்தருக்குத்தான் தெரியும். அவர் தனியாக வைத்திருக்கும் குறிப்பு நோட்டையும் எக்செல் தாளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அமைப்பு எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பது அதில் இருக்கும்.

அந்த அனுபவத்தைத் தூக்கி எறிந்தால் என்ன ஆகும் என்பதைக் கனடாவில் பார்த்தோம். ஏறத்தாழ 2,90,000 மத்திய அரசு ஊழியர்களுக்கான பீனிக்ஸ் சம்பள முறை 2016-இல் தொடங்கியது. ஏற்கெனவே சம்பளப் பணியைக் கவனித்துவந்த 1,200 பணியிடங்களை நீக்கி, ஒரே மையத்தில் 550 பேரை அமர்த்தியிருந்தார்கள். செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்த சில செயல்பாடுகளை வெட்டினார்கள். ஒரு துறையில் முன்னோட்டம் பார்க்கும் திட்டத்தையும் கைவிட்டார்கள். பலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்குக் கூடியது, சிலருக்கு வரவே இல்லை. வீட்டுக் கடனும் வாடகையும் கட்ட வேண்டியவர்களின் சம்பளம் அது. புதிய முறை நிலைபெறும் முன்பே ஆட்களைக் குறைத்துச் சேமிப்புக் கணக்குக் காட்டுவதைப் போல ஆபத்தான முடிவு வேறில்லை.

காகிதமும் கணினியும் முடிவில்லாமல் இணையாக ஓடுவதும் கூடாது. சில வாரங்கள் சரி. அதற்கு மேல் போனால் எழுத்தருக்கு இரட்டை வேலை; இரண்டும் முரண்படும்போது எது செல்லும் என்ற குழப்பம் வேறு. எந்தத் தேதி முதல் மின்பதிவே மூலப்பதிவு என்று ஆணை போடுங்கள். பழைய விதிகள் தடுத்தால் அவற்றையும் திருத்த வேண்டும். பழைய கணினி வட்டான ஃப்ளாப்பியில் ஆவணம் தரச் சொன்ன விதிகளை ஜப்பான் 2024-இல்தான் ஏறக்குறைய முழுவதுமாக நீக்கியது.

ஒரு துறை ஏற்கெனவே வைத்திருக்கும் தகவலை இன்னொரு துறை மறுபடி கேட்பதும் தவறுதான். எஸ்டோனியா 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற இணைப்பு மூலம் துறைகளின் தரவுத்தளங்களைப் பேச வைத்திருக்கிறது. ஒரே தகவலைச் சேகரிக்கத் தனித்தனித் தரவுத்தளம் தொடங்குவதை அங்கே சட்டமே தடுக்கிறது. கருவியை மட்டும் வாங்கிவிட்டு இந்தச் சட்டத்தை விட்டுவிட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

பெரிதாகப் பேசப்படாத ஒன்று: அதிகாரி தன் பாஸ்வேர்டை உதவியாளரிடம் கொடுத்து ஒப்புதல் போடச் சொல்வது. நாளை தணிக்கை வந்தால் யார் முடிவெடுத்தார் என்று எந்தப் பதிவும் உண்மை சொல்லாது. திட்டுவதால் இது நிற்காது. விடுப்பிலோ பயணத்திலோ இருக்கும்போது அதிகாரத்தைக் குறிப்பிட்ட நாட்களுக்கு இன்னொருவர் பெயருக்கு மாற்றும் வசதி முதல் நாளிலிருந்தே மென்பொருளில் இருக்க வேண்டும்.

அளவீட்டிலும் கவனம் தேவை. எத்தனை பேர் லாகின் செய்தார்கள், எத்தனை பக்கம் ஸ்கேன் ஆனது என்பதை டேஷ்போர்டில் காட்டுவது எளிது. விண்ணப்பம் வந்த நாளிலிருந்து பதில் போன நாள் வரை எவ்வளவு காலம் ஆனது, எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டது என்ற இரண்டையும் எண்ணுங்கள். மென்பொருள் வருவதற்கு முந்தைய கணக்கும் கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். அதனால் எண்ணத் தொடங்க வேண்டிய நேரம், திட்டம் இன்னும் பேச்சளவில் இருக்கும்போதே.