வீட்டில் எனாக்ஸாபாரின் ஊசி போட்டுக்கொள்வது எப்படி?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தோ, காலில் ரத்தம் உறைந்து சிகிச்சை எடுத்தோ வீடு திரும்புகிறவர்களிடம் மருந்து நிரப்பிய சிரிஞ்சுகள் கொண்ட பெட்டி ஒன்றையும் கொடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலும் அது எனாக்ஸாபாரின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை மருந்து. ஊசி முனையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் அது சின்ன ஊசி, இரண்டு மூன்று முறை போட்டால் கை பழகிவிடும். உண்மையில் கவனம் வேண்டியது அளவில், நேரத்தில், கூடவே விழுங்கும் மற்ற மாத்திரைகளில். மருத்துவர் எழுதிக் கொடுத்து, செவிலியர் ஒருமுறை செய்து காட்டிய பிறகு படிக்க வேண்டிய விளக்கம் இது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மருந்து உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்காது. கட்டி வளராமலும் புதிதாக உருவாகாமலும் தடுக்கும், கரைக்கும் வேலையை உடம்பே மெதுவாகச் செய்துகொள்ளும். அதனால்தான் கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு 35 நாள் வரைகூடப் போடச் சொல்வார்கள்.

அளவைப் படியுங்கள்

கட்டி வராமல் தடுக்க, வழக்கமான அளவு நாளுக்கு ஒருமுறை 40 மி.கி. வந்த கட்டிக்குச் சிகிச்சை என்றால் உடல் எடைதான் கணக்கு: கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது கிலோவுக்கு 1.5 மி.கி. நாளுக்கு ஒருமுறை. 60 கிலோ எடையுள்ளவருக்கு, 12 மணி நேரக் கணக்கில் ஒவ்வொரு ஊசிக்கும் 60 மி.கி. வரும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மருந்து உடம்பில் தங்கிவிடும், ஆகவே குறைத்துக் கொடுப்பார்கள். இந்தக் கணக்கையெல்லாம் மருத்துவர் போடுவார். மருந்துச் சீட்டில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது உங்கள் வேலை. சில பெட்டிகளில் 40 மி.கி.க்குப் பக்கத்தில் 4000 யூனிட் என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஆனால் வேறு பெயருள்ள ஹெப்பாரின் வகை மருந்தை இதே யூனிட் கணக்கில் மாற்றிப் போடக் கூடாது.

போடும் முறை

கையை சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். வயிறு கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்து உட்காருங்கள், அல்லது படுத்துக்கொள்ளுங்கள். தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் இடம் பாருங்கள். தழும்பும் ரத்தக்கன்றலும் இல்லாத இடமாக இருக்கட்டும். இன்று வலப்பக்கம் என்றால் அடுத்த முறை இடப்பக்கம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, தானாகக் காயும் வரை காத்திருங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும்.

மூடியை நேராக இழுத்துக் கழற்றுங்கள். சிரிஞ்சுக்குள் ஒரு காற்றுக் குமிழி இருக்கும். அதை வெளியேற்றிவிட வேண்டும் என்றுதான் பலருடைய கை பரபரக்கும். முழு சிரிஞ்சையும் போடுவதாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஊசி கீழ்நோக்கி இருக்கும்போது குமிழி மருந்துக்கு மேலே நின்று, கடைசிச் சொட்டையும் உள்ளே தள்ளிவிடும். தோலுக்கு அடியில் போகும் அந்தத் துளிக் காற்றால் ஆபத்தில்லை. குமிழியை வெளியே தள்ளப் போனால் மருந்தும் கொஞ்சம் போய்விடும், அளவு குறையும். சிரிஞ்சில் ஒரு பகுதி மட்டும் போடவேண்டும் என்று எழுதியிருந்தால், மீதியை எப்படி நீக்குவது என்று செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஒரு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மடிப்பாகப் பிடியுங்கள். ஊசியைச் செங்குத்தாக, முழு நீளமும் உள்ளே போகும்படி குத்துங்கள். ரத்தம் வருகிறதா என்று பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டாம். மெதுவாக, கடைசி வரை அழுத்துங்கள். மருந்து முழுவதும் போகும் வரை மடிப்பை விடாதீர்கள். பிறகு நேராக வெளியே எடுங்கள்.

அப்புறம் தேய்க்காதீர்கள்! தேய்த்தால் ரத்தம் கன்றிப்போகும். ரத்தம் கசிந்தால் பஞ்சை வைத்து லேசாக அழுத்தினால் போதும். சின்னதாக நீலம் பாய்ந்தால் பயப்பட வேண்டாம், பலருக்கும் வரும். ஊசியை மீண்டும் மூடாமல், கூரிய பொருட்களுக்கான கெட்டியான டப்பாவில் போடுங்கள். புதிய சிரிஞ்சுகளை அறை வெப்பத்தில், 25 டிகிரிக்கு மேல் போகாமல் வையுங்கள். உறையவிடக் கூடாது.

மறந்துவிட்டால்

நினைவு வந்ததும் போடலாம். அடுத்த ஊசிக்கு நேரம் நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. போட்டதும் தேதி, நேரம், வலமா இடமா என்று ஒரு தாளில் குறித்து வந்தால், போட்டோமா இல்லையா என்ற சந்தேகமே வராது.

எதற்கு உடனே ஓட வேண்டும்

தலைவலி, முதுகுவலி என்று ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை நீங்களாக விழுங்காதீர்கள். இந்த ஊசியோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மருத்துவரே ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அது வேறு, அவர் சொன்னபடி தொடருங்கள். பல் பிடுங்கப் போனாலும் இந்த ஊசி போடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மலம் தார்போல் கருத்துப் போவது, ரத்த வாந்தி, சிவந்த சிறுநீர், அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், தலையில் அடி, திடீரெனக் கடுமையான தலைவலி: இவற்றில் எதுவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும், கட்டி நுரையீரலுக்குப் போனதன் அறிகுறியாக இருக்கலாம். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டவர்களுக்குக் கால் மரத்தாலோ பலவீனமானாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தண்டுவடத்தை அழுத்தும் ரத்தக்கசிவாக இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் தவறாமல் போங்கள். அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் ஆரம்பித்த 5 முதல் 10 நாளுக்குள், இந்த மருந்தே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துப் புதிய கட்டிகளை உண்டாக்கிவிடும். தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.