பெரிய சர்வீஸ் சென்டரா, தனி மெக்கானிக்கா?

காருக்கு ஆயில், டயர், பேட்டரி மாற்ற வேண்டும் என்றால் பல கிளைகள் உள்ள சர்வீஸ் சென்டருக்கே போகிறேன். வேலை சீக்கிரம் முடியும். வெளியூரில் பழுதானாலும் அங்குள்ள கிளையில் பெரும்பாலும் வாரண்டி கேட்கலாம்.

விட்டுவிட்டு வரும் சத்தத்துக்குத் தனி மெக்கானிக்தான். என் வண்டியின் முன்சக்கரத்தில் ‘கட கட’ என்றபோது, ஒரு பெரிய சென்டரில் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். தனி மெக்கானிக் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார். அப்புறம் ஜாக்கி போட்டு, ஸ்டெபிலைசர் லிங்க்கை (வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு) ஆட்டிக் காட்டினார். அதன் முனையில் உள்ள பால் ஜாயின்ட், அதாவது உருண்டை மூட்டு, தேய்ந்து லொடலொடத்தது. லிங்க்கை மாற்றியதும் சத்தம் நின்றது.

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), ஏர்பேக் விளக்கு எரிந்தால், கோளாறைப் படித்துச் சொல்லும், உங்கள் மாடலுக்கான ஸ்கேனர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எங்கே விட்டாலும் சரி, எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.