கடைக் கணக்கை வைத்து ஸ்டோர்ட் ப்ரொசீஜர் பழகுவோம்

வேலூர் லாங் பஜாரில் என் சித்தப்பாவுக்கு ஒரு மளிகை மொத்தக் கடை இருக்கிறது. கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், பின்னால் குடோனில் இன்னொன்று. இரண்டும் ஒரே டேட்டாபேஸைத்தான் பார்த்தன, ஆனால் இரண்டிலும் ஓடிய புரோகிராம்கள் வேறு வேறு. கல்லாவில் இருந்தது விற்பனையை எழுதி இருப்பையும் குறைத்தது, குடோனில் இருந்தது விற்பனையை மட்டும் எழுதிவிட்டு இருப்பைத் தொடாமலே விட்டது. மாசக் கடைசியில் மூட்டை எண்ணினால் கணக்கு ஒட்டவே ஒட்டாது.

இந்தச் சிக்கலை ஸ்டோர்ட் ப்ரொசீஜர் தீர்த்துவைத்தது. சில எஸ்கியூஎல் (டேட்டாபேஸோடு பேசும் மொழி) கட்டளைகளைச் சேர்த்து, ஒரு பெயர் வைத்து, டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்துவிடுவதுதான் அது. எந்த புரோகிராம் கூப்பிட்டாலும் அதே கட்டளைகள், அதே வரிசையில் ஓடும். "ஒரு மூட்டை விற்றால் இருப்பு குறைய வேண்டும்" என்ற கடை விதியை ஒரே இடத்தில் எழுதினால் போதும்.

நான் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். அதில் இந்த வசதி 5.0 பதிப்பிலிருந்து, அதாவது 2005 முதல் இருக்கிறது. கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். டேபிள், காலம் (டேபிளின் நெடுவரிசை) பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், மைஎஸ்கியூஎல் ஏற்றுக்கொள்ளும்.

முதலில் இரண்டு டேபிள்:

கிரியேட் டேபிள் சரக்கு (எண் இன்ட் பிரைமரி கீ, பெயர் வார்கேர்(60), இருப்பு இன்ட், விலை டெசிமல்(10,2));

கிரியேட் டேபிள் விற்பனை (எண் இன்ட் ஆட்டோ_இன்க்ரிமென்ட் பிரைமரி கீ, சரக்கு_எண் இன்ட், அளவு இன்ட், நேரம் டேட்டைம்);

சரக்கு டேபிளில் பொன்னி அரிசி, துவரம்பருப்பு, வேர்க்கடலை என்று மூன்று வரி போட்டுக்கொள்ளுங்கள், எண் 1, 2, 3. விலையும் இருப்பும் உங்கள் இஷ்டம்.

இப்போது முதல் ப்ரொசீஜர்.

டெலிமிட்டர் //
கிரியேட் ப்ரொசீஜர் சரக்கு_பட்டியல்()
பிகின்
  செலக்ட் பெயர், இருப்பு ஃப்ரம் சரக்கு ஆர்டர் பை பெயர்;
எண்ட் //
டெலிமிட்டர் ;

கூப்பிடுவதற்கு: கால் சரக்கு_பட்டியல்();

பட்டியல் வந்ததா? சரி. அந்த டெலிமிட்டர் வரிதான் புதியவர்கள் எல்லோரையும் குழப்பும். அரைப்புள்ளியைக் கண்டதும் கட்டளை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, அதுவரை தட்டியதை சர்வருக்கு (டேட்டாபேஸை நடத்தும் புரோகிராம்) அனுப்பிவிடுவது மைஎஸ்கியூஎல் கிளையன்டின் (நாம் கட்டளை தட்டும் புரோகிராம்) பழக்கம். ப்ரொசீஜருக்கு உள்ளேயோ அரைப்புள்ளி நிறைய வரும், அதனால் முதல் அரைப்புள்ளியிலேயே பாதி ப்ரொசீஜர் போய்ச் சேர்ந்து எரர் அடிக்கும். அதற்காகத்தான் "கொஞ்ச நேரத்துக்கு முடிவுக் குறி // தான்" என்று முதலில் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் அரைப்புள்ளிக்கே திரும்புகிறோம். இது கிளையன்டுக்குச் சொல்கிற பேச்சு, சர்வருக்கு டெலிமிட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. பிஹெச்பி மாதிரி மொழியிலிருந்து நேராக அனுப்பும்போது அந்த வரியைச் சேர்த்தால் எரர் வருவது இதனால்தான். கீழே வரும் ப்ரொசீஜர்களை கிளையன்டில் தட்டும்போதும் முன்னும் பின்னும் இந்த டெலிமிட்டர் வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வெளியிலிருந்து மதிப்பு கொடுப்பது. அந்த மதிப்பை வாங்கிக்கொள்ள அடைப்புக்குறிக்குள் வைக்கும் பெயர்தான் பாராமீட்டர். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நான் அடிபட்ட இடம் இது. விலை மாற்ற ஒரு ப்ரொசீஜர் இப்படி எழுதினேன்:

கிரியேட் ப்ரொசீஜர் விலை_மாற்று(இன் எண் இன்ட், இன் விலை டெசிமல்(10,2))
பிகின்
  அப்டேட் சரக்கு செட் விலை = விலை வேர் எண் = எண்;
எண்ட் //

பார்க்க எந்தத் தப்பும் தெரியாது. எரரும் வராது. கடலை விலையை மாற்ற ஒரு தடவை ஓட்டினேன், அரை மணி நேரத்தில் சித்தப்பா போன் செய்தார்: "டேய், கடலை விலையிலேயே பெருங்காயமும் பில் ஆகுதுடா, என்ன பண்ண நீ?" கடையில் இருந்த அத்தனை சரக்கும் ஒரே விலைக்கு மாறியிருந்தது. காரணம் இதுதான்: காலத்துக்கும் பாராமீட்டருக்கும் ஒரே பெயர் இருந்தால், மைஎஸ்கியூஎல் பாராமீட்டரைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆக "எண் = எண்" என்பது 3 = 3 என்று ஆகிவிட்டது. அது எல்லா வரிக்கும் உண்மை, அதனால் எல்லா வரியும் மாறியது. முந்தின நாள் பேக்கப் இருந்ததால் மீண்டோம், இல்லாவிட்டால் பழைய பில்களைப் புரட்டி ஒவ்வொரு விலையாக உட்கார்ந்து தட்டியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து உள்ளே வரும் பாராமீட்டர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் "உ_" போடுகிறேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே ஏதாவது ஒரு முன்னொட்டு வையுங்கள்:

கிரியேட் ப்ரொசீஜர் விலை_மாற்று(இன் உ_எண் இன்ட், இன் உ_விலை டெசிமல்(10,2))
பிகின்
  அப்டேட் சரக்கு செட் விலை = உ_விலை வேர் எண் = உ_எண்;
எண்ட் //

தப்பாக எழுதியதை ஏற்கெனவே ஏற்றியிருந்தால் முதலில் "ட்ராப் ப்ரொசீஜர் இஃப் எக்ஸிஸ்ட்ஸ் விலை_மாற்று" என்று கொடுத்து அழித்துவிட்டு மறுபடி உருவாக்குங்கள். ஆல்டர் ப்ரொசீஜர் என்று ஒன்று உண்டு, ஆனால் உள்ளே இருக்கும் கட்டளைகளை அது மாற்றாது. அதனால் ஒவ்வொரு ப்ரொசீஜரையும் ட்ராப் வரியோடு சேர்த்து ஒரு ஃபைலில் வைத்துக்கொள்வது நல்லது.

பதிலை வெளியே எடுக்க அவுட் பாராமீட்டர்:

கிரியேட் ப்ரொசீஜர் இருப்பு_சொல்(இன் உ_எண் இன்ட், அவுட் வெ_இருப்பு இன்ட்)
பிகின்
  செலக்ட் இருப்பு இன்டு வெ_இருப்பு ஃப்ரம் சரக்கு வேர் எண் = உ_எண்;
எண்ட் //

கால் இருப்பு_சொல்(3, @ஏ). அப்புறம் செலக்ட் @ஏ. @ஏ என்பது பதிலை வாங்கி வைக்கும் மாறி; அந்த ஏ ஆங்கில எழுத்து, அவ்வளவுதான்.

இப்போது கடைக்கு உண்மையிலேயே வேண்டியது, விற்பனை:

கிரியேட் ப்ரொசீஜர் விற்பனை_பதிவு(இன் உ_எண் இன்ட், இன் உ_அளவு இன்ட்)
பிகின்
  டிக்ளேர் கை_இருப்பு இன்ட்;
  டிக்ளேர் எக்ஸிட் ஹேண்ட்லர் ஃபார் எஸ்கியூஎல்எக்ஸெப்ஷன்
  பிகின்
    ரோல்பேக்;
    ரிசிக்னல்;
  எண்ட்;
  ஸ்டார்ட் டிரான்சாக்ஷன்;
  செலக்ட் இருப்பு இன்டு கை_இருப்பு ஃப்ரம் சரக்கு வேர் எண் = உ_எண் ஃபார் அப்டேட்;
  இஃப் கை_இருப்பு இஸ் நல் ஆர் கை_இருப்பு < உ_அளவு தென்
    சிக்னல் எஸ்கியூஎல்ஸ்டேட் '45000' செட் மெசேஜ்_டெக்ஸ்ட் = 'சரக்கு இல்லை அல்லது போதாது';
  எண்ட் இஃப்;
  அப்டேட் சரக்கு செட் இருப்பு = இருப்பு - உ_அளவு வேர் எண் = உ_எண்;
  இன்செர்ட் இன்டு விற்பனை (சரக்கு_எண், அளவு, நேரம்) வேல்யூஸ் (உ_எண், உ_அளவு, நவ்());
  கமிட்;
எண்ட் //

நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் டிரான்சாக்ஷனிலிருந்து கமிட் வரை நடப்பது ஒரே மூச்சில் நடந்த மாதிரி: இருப்பு குறைந்த பிறகு கரண்ட் போய்விட்டாலும் பாதி வேலை பதிவாகி நிற்காது. "ஃபார் அப்டேட்" என்பது அந்தச் சரக்கின் வரியைப் பூட்டிவைக்கும், அதனால் கடைசி மூட்டையைக் கல்லாவிலும் குடோனிலும் ஒரே நேரத்தில் விற்க முடியாது, ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருப்பார். 45000 என்பது நாமே எழுப்பும் எரர்களுக்கான எண். அதை எழுப்பியதும் மேலே உள்ள ஹேண்ட்லர் (எரர் வந்தால் ஓடும் பகுதி) எல்லாவற்றையும் திரும்பப் பெற்று, அதே எரரைக் கூப்பிட்டவருக்கு அனுப்பும். டிக்ளேர் வரிகளில் மாறிகள் முன்னால், ஹேண்ட்லர் பின்னால் வர வேண்டும், மாற்றிப் போட்டால் ஏற்காது.

இருப்பில் உள்ளதைவிட அதிகமாகக் கேட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். தமிழில் எழுதிய செய்தி அப்படியே எரராக வந்து நிற்கும், இரண்டு டேபிளிலும் ஒன்றும் மாறியிருக்காது. இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சித்தப்பா கடையில் ஏற்றினேன். அதோடு குடோன் கம்ப்யூட்டரின் யூசருக்கு டேபிள் உரிமைகளை எடுத்துவிட்டு, "கிரான்ட் எக்ஸிக்யூட் ஆன் ப்ரொசீஜர்" கொடுத்து இதைக் கூப்பிடும் உரிமை மட்டும் விட்டேன். ப்ரொசீஜர் அதை எழுதியவரின் உரிமையில்தான் வழக்கமாக ஓடும், அதனால் டேபிளைத் தொட முடியாதவரும் விற்பனை போட முடியும், ஆனால் இருப்பைக் குறைக்காமல் போட முடியாது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் வைத்து பேக்கப் எடுக்கும்போது ப்ரொசீஜர்கள் தானாக அதில் சேராது, "--ரௌட்டீன்ஸ்" என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். இன்றைக்கே ஒரு பேக்கப் எடுத்து, அந்த ஃபைலைத் திறந்து, விற்பனை_பதிவு என்ற பெயர் உள்ளே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.