போடியில் வெயில் அடிக்கிறதே என்று கிளம்பாதீர்கள்

காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளை மூணாறுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்கள் செய்யும் முதல் தவறு, பள்ளி வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பது. தேனி, போடி, கம்பம் எல்லாம் மழை மறைவுப் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். நமக்கு வருவது காற்றும் சாரலும்தான். போடியில் கொடித்துணி காய்கிற அதே நேரத்தில் மூணாறில் ஊற்றிக்கொண்டிருக்கும்.

பார்க்க வேண்டியது மூணாறு இருக்கும் இடுக்கி மாவட்டத்துக்கான வானிலை எச்சரிக்கை. மழைக்கு மஞ்சள் என்றால் ஒரு நாளில் சுமார் 6 முதல் 11 செ.மீ., ஆரஞ்சு என்றால் 20 வரை, சிவப்பு அதற்கும் மேல். என் கணக்கில் ஆரஞ்சு வந்தாலே பயணம் இல்லை. படகு, மலையேற்றம், போடியிலிருந்து மூணாறு போகும் வழியில் உள்ள கேப் ரோட்டில் இரவுப் போக்குவரத்து என்று கலெக்டர் ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவார். போய்ச் சேர்ந்தாலும் லாட்ஜ் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கணும். ஐப்பசி மழை வேறு ரகம். காலையில் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும். அந்த மாதத்தில் சுற்றுவதெல்லாம் காலையில்; 2 மணிக்குக் கூரைக்கடியில் இருக்க வேண்டும்.

அடுத்த தவறு, பிள்ளைகளின் முகம் வாடியதும் வாய்தவறி, “சரி, கும்பக்கரைக்குப் போவோம், இல்லன்னா சுருளி” என்று சொல்லிவிடுவது. மலைமேல் பெய்வதால்தானே பயணம் நின்றது? அந்தத் தண்ணீர்தான் அருவியில் இறங்குகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் வெள்ளம் திடீரென்று பாய்ந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். மாற்று ஏற்பாடு தண்ணீர் இல்லாத இடமாக இருக்கட்டும். மதுரையில் திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், கொஞ்சம் தள்ளிக் கீழடி. பிள்ளைகள் முனகுவார்கள். முனகட்டும்.

மூன்றாவதை நானே செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் 42 பிள்ளைகளோடு மூணாறிலிருந்து திரும்பும் வழியில், மாலை பூப்பாறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டிரைவர் வந்து, “சார், பனி இறங்கிருச்சு. முன்னால போற வண்டி லைட்டே தெரியல. இங்கனயே தங்கிருவோம்” என்றார். 42 பேருக்கு அறை எடுக்க என்னிடம் பணம் இல்லை. பெற்றோர் வேறு பள்ளி வாசலில் காத்திருப்பார்கள். “மெல்லப் போங்கண்ணே” என்றேன். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க மூன்று மணி நேரம். நடுவில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. பஸ் முழுக்க வாந்தி. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அவ்வளவுதான். அடுத்த பயணத்திலிருந்து தலைக்கு ஒரு ராத்திரித் தங்கல் செலவைச் சேர்த்தே வாங்குகிறேன். செலவாகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பயணம் தாமதமாகிவிட்டது என்று ராத்திரி வேகத்தில் ஈடுகட்டப் பார்ப்பதும் இதே தவறுதான். 2022 அக்டோபர் 5 இரவு, ஊட்டிக்குக் கிளம்பிய கேரளப் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து ஒன்று வடக்கஞ்சேரியில் வேகமாகப் போய் அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. 9 பேர் இறந்தார்கள்.

கொடைக்கானல் என்று கிளம்பிவிட்டுப் பாதி வழியில் தேக்கடிக்குத் திருப்புகிறவர்களும் உண்டு. வண்டிக்குக் கேரள பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திருப்புங்கள். குமுளி செக்போஸ்ட்டில் போய்க் கேட்க வேண்டிய கேள்வி இல்லை அது.

பெற்றோருக்கு யார் பேசுவது என்பதையும் கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். மழையில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். அதற்குள் ஒரு பையன் சாலையில் விழுந்த மண்ணைப் படமெடுத்து அனுப்பியிருப்பான். ஊரில் அழுகை ஆரம்பித்திருக்கும். ஒரே ஆசிரியர், காலை, மதியம், இரவு என்று மூன்று நேரம் பேசட்டும். “சிக்னல் இல்லாவிட்டால் செய்தி தாமதமாகும்” என்று முதல் நாளே சொல்லிவைத்தால் பாதி பதற்றம் இல்லை.

மழைக்கோட்டுப் போட்டுவிட்டால் எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளைதான். வெளியே நிற்கவைத்து எண்ணினால் ஒருத்தனை இரண்டு முறை எண்ணிவிடுவோம். சீட்டில் உட்காரவைத்து, தொப்பியைக் கழற்றச் சொல்லி எண்ணுங்கள். வீசிங் இருக்கும் பிள்ளையின் இன்ஹேலர் பஸ் டிக்கியில் பெட்டிக்குள் இருந்து பிரயோஜனமில்லை. ஆசிரியரின் தோள்பைக்குள் இருக்கட்டும். அட்டைப்பூச்சிக்கு ஒரு பொட்டலம் உப்பும் அதிலேயே.