பின்னால் டிரெய்லர், முன்னால் தூக்கம்

கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல்தான். பக்கத்து லேனில் எல்லாரும் பறக்க, நாம் மட்டும் கட்டில் வைத்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு மணிக்கணக்காக அதே வேகத்தில் உருட்டினால் கண் சொக்கத்தான் செய்யும். ஆனால் 55-லேயே வண்டி நொடிக்கு 80 அடி ஓடுகிறது, நாலு நொடி கண் செருகினால் 300 அடிக்கு மேல் போய்விட்டிருக்கும்.

கிளம்பும் முன்பு எடையைப் பாருங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது வண்டியோடு டிரெய்லரை மாட்டும் கொக்கி மேல், உட்கார வேண்டும். முதல் பயணத்தில் இடம் இருக்கிறதே என்று தண்ணீர்க் கேன், அரிசிப் பை எல்லாவற்றையும் டிரெய்லரின் பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிட்டோம், ஹிட்ச் மேல் எடை குறைந்துபோனது. ஒரு பெரிய லாரி தாண்டிப் போனதும் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது பாருங்கள், கண்ணாடியில் அதன் இடது பக்கம் தெரிகிறது, மறைகிறது, திரும்பத் தெரிகிறது.

அப்போது கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக் கன்ட்ரோலரில் (டிரைவர் பக்கத்தில் இருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) இருக்கும் லீவரை மெல்லத் தள்ளி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை ஒடித்தால் இன்னும் மோசமாகும். லீவர் எங்கே இருக்கிறது என்று வீட்டு வாசலிலேயே கை பழகியிருக்க வேண்டும்.

ஐ-5 நெடுஞ்சாலையில் தேஹோன் கணவாய் 4,144 அடி உயரம். அதன் வடக்குப் பக்க இறக்கத்தைக் கிரேப்வைன் என்பார்கள், 6 சதவீதச் சரிவு. இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

அப்புறம் தூக்கம். பகலில் என்றால் மதியம் 2-லிருந்து 4 வரைதான் மோசம், அதிலும் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஒரு சுற்று வாருங்கள்: வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலிகள் குறுக்காக மாட்டியிருக்கின்றனவா, டயர் சரியா, எல்லா வீல் ஹப்பும் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஒரே சூடா. ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் பேரிங்கிலோ பிரேக்கிலோ கோளாறு. அப்படியும் கொட்டாவி நிற்கவில்லையா? இங்கே நெடுஞ்சாலை ஓரத்து ரெஸ்ட் ஏரியாவில் 8 மணி நேரம் வரை நிறுத்தலாம், ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிடம் படுங்கள். கட்டிலைத்தான் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருகிறோமே.